மவுண்ட் மில்லிகன்: பனி இழுத்துச் சென்ற தடயமும் அடியில் கிடந்த செம்பும்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பிரின்ஸ் ஜார்ஜ் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 155 கி.மீ. தொலைவில் மவுண்ட் மில்லிகன் சுரங்கம் இருக்கிறது. 2009இல் போடப்பட்ட கணக்கின்படி அதன் தாது இருப்பு சுமார் 48 கோடி டன். அந்தத் தாதுவில் 0.2 சதவீதம் செம்பு, டன்னுக்கு 0.39 கிராம் தங்கம். மொத்தத்தில் ஏறத்தாழ 60 லட்சம் அவுன்ஸ் தங்கமும் 210 கோடி பவுண்டு செம்பும். ஆனால் 1980களில் அந்த இடத்தில் போய் நின்றவர் கண்ணில் பட்டிருக்கக்கூடியது ஊசியிலைக் காடு, பாசி, சதுப்பு, ஓடைக் கரையில் சரளை, அவ்வளவுதான். பாறை வெளியே தலைகாட்டும் இடங்கள் மிகக் குறைவு. மற்றதெல்லாம் பனிப்படிவுக்கு, அதாவது பனியுகத்துப் பனி விட்டுச் சென்ற மண்ணுக்கும் கல்லுக்கும், அடியில்.

மூடிய நிலத்தில் தேடுவது ஏன் கடினம் என்று கேட்டால், தடயம் கிடைக்காததுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். மில்லிகனையும் அதைச் சுற்றியுள்ள படிவுகளையும் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. தடயத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எந்தத் தடயமும் உலோகத்தின் நேர் மேலே உச்சம் காட்டுவதில்லை. மண்ணில் செம்பு அதிகம் காட்டும் இடம் படிவுக்கு அப்பால் இருக்கிறது. மின் அளவையில் பெரிதாகத் துடிக்கும் இடம் பைரைட் என்ற இரும்புச் சல்பைடின் மேல் இருக்கிறது. வானிலிருந்து எடுத்த மின்காந்தப் படத்தைத் தவறாகக் கணக்கிட்டால் தலைகீழான படமே வருகிறது. வரைபடத்தில் சிவப்பாக எரியும் புள்ளியைக் குறிவைத்துத் துளை போடுகிறவர் இந்த நிலத்தில் பெரும்பாலும் பணத்தைத்தான் புதைப்பார்.

அடியில் இருப்பது என்ன

மில்லிகனில் இருப்பது போர்ஃபிரி படிவு, அதாவது பழைய எரிமலையின் வேர்ப்பகுதி. ஆழத்திலிருந்து எழுந்த பாறைக் குழம்பு சில கி.மீ. ஆழத்தில் நின்று உறைகிறது. அதிலிருந்து பிரியும் சூடான உப்பு நீர் சுற்றுப் பாறையை நொறுக்கி, வெடிப்புகளுக்குள் புகுந்து, செம்பையும் தங்கத்தையும் மெல்லிய நரம்புகளாகவும் துளிகளாகவும் விட்டுச் செல்கிறது. நடுப்பகுதியில் பொட்டாசியம் ஏறிய பாறை: பயோடைட், பொட்டாசியம் ஃபெல்ஸ்பார், கூடவே காந்தத்தன்மை கொண்ட மேக்னடைட். அதற்கு வெளியே எபிடோட், குளோரைட், கார்பனேட் சேர்ந்த பச்சை வளையம். அங்கே பைரைட் அதிகம், செம்பு குறைவு. இந்த வளையம் படிவைவிடப் பல மடங்கு அகலமாக இருக்கும். தேடுகிறவருக்குக் கிடைக்கும் பெரிய சாதகம் இந்த அகலம்தான். அவரை ஏமாற்றுவதும் இதேதான்.

மில்லிகன், குவெனெல் நிலத்துண்டு என்று அழைக்கப்படும் பழைய தீவு-எரிமலை வரிசையில் அமைந்தது. டாக்லா தொகுதி எரிமலைப் பாறைகளுக்குள், தொடக்க ஜுராசிக் காலத்தில், ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன், மான்சோனைட் என்ற குழம்புப் பாறையின் தண்டுகள் நுழைந்தன. இரண்டு முக்கியமானவை: எம்பிஎக்ஸ் தண்டு, சதர்ன் ஸ்டார் தண்டு. எம்பிஎக்ஸின் குறுக்களவு சுமார் 400 மீட்டர். தாதுவில் பெரும்பங்கு இந்தத் தண்டுகளின் ஓரத்திலும் அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் எரிமலைப் பாறையிலும் கிடக்கிறது. இது காரப் போர்ஃபிரி வகை, அதாவது சோடியமும் பொட்டாசியமும் கூடிய குழம்பில் உண்டானது. சிலி நாட்டின் ராட்சதப் படிவுகளைப் போலப் பல கி.மீ. பரவாது, சின்னது, ஆனால் தங்கம் கூடுதல். இந்த 400 மீட்டரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும், பிறகு தேவைப்படும்.

தென்கிழக்கே 66 மண்டலம் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே செம்பு சொற்பம், தங்கம் அதிகம், பைரைட் தாராளம். செம்பு மையத்தை மட்டும் தேடி வெளி வளையத்தைக் கழித்துவிடுபவர் இந்தத் தங்கத்தை இழப்பார். பைரைட் வளையத்தை நம்பாதே என்பது நல்ல விதிதான், ஆனால் மில்லிகனிலேயே அதற்கு விலக்கு இருக்கிறது. கிழக்கே கிரேட் ஈஸ்டர்ன் பிளவு படிவை வெட்டுகிறது. அதைத் தாண்டினால் வயதில் இளைய, உலோகத்தோடு சம்பந்தமே இல்லாத பாறைகள்.

மேலே கிடப்பது என்ன

கடைசிப் பனியுகத்தில் இந்த மாகாணம் ஏறத்தாழ முழுவதையும் கார்டில்லெரன் பனிப்படலம் மூடியிருந்தது. சில இடங்களில் அதன் தடிமன் 2 கி.மீ. வரை. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பே பெரும்பகுதி உருகிவிட்டது. அது விட்டுச் சென்றதை ‘ஓவர்பர்டன்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது துரப்பணக்காரர்களின் வழக்கம். அவர்களுக்கு அது துளைத்துத் தள்ள வேண்டிய சுமை. தேடுபவருக்கு அந்தச் சொல் போதாது. அடியில் பனி அழுத்தி அரைத்த படிவு ஒன்று. அதற்குப் பெயர் டில், துல்லியமாகச் சொன்னால் அடித்தள டில். உருகும் பனியிலிருந்து பொலபொலவென விழுந்த மேல் டில் இன்னொன்று. உருகு நீர் அடித்து வந்த சரளையும் மணலும் மூன்றாவது. பனி ஏரிகளின் அடியில் படிந்த வண்டலும் களியும் நான்காவது.

இதில் தேடுபவருக்குப் பொன் போன்றது அடித்தள டில்தான். பனி பாறையை நேரடியாகச் சுரண்டி, அரைத்து, கொஞ்சதூரம் இழுத்துப் போய் ஒட்டவைத்த பொருள் அது. அம்மியில் குழவி இழுத்த பக்கமெல்லாம் மிளகாய் பரவுவது போல, செம்புப் பாறையின் துகள்கள் பனி நகர்ந்த திசையில் ஒரு நாக்காக நீள்கின்றன. சரளையும் ஏரிக் களியும் அப்படி அல்ல. அவை தண்ணீர் தரம் பிரித்து, எங்கெங்கோ இருந்து கொண்டுவந்து கலந்தவை. அவற்றில் எடுத்த மாதிரி கீழே இருக்கும் பாறையைப் பற்றி எதுவும் பேசாது.

நம் ஊர்ச் செம்மண் நிலத்தில் பழகிய புவியியலாளருக்கு இது புது அனுபவம். இங்கே பல இடங்களில் காலடியில் இருக்கும் மண், அதன் கீழ் இருக்கும் பாறை அங்கேயே மக்கி உண்டானது. மண்ணில் செம்பு கூடினால் கீழே தோண்டிப் பார்க்கலாம். அங்கே அப்படித் தோண்டினால் வெறும் பாறைதான் கிடைக்கும். மண்ணில் தெரிந்த செம்பு மேட்டுப் பக்கமோ பள்ளப் பக்கமோ இல்லை, பனி வந்த பக்கத்திலிருந்து வந்திருக்கும்.

ஒரு குழி

நல்ல டில் மாதிரி எடுப்பது பெரும்பாலும் மரம் வெட்டும் லாரிச் சாலையின் ஓர வெட்டிலேயே நடக்கிறது. மேலே கரும்பழுப்பு இலைமக்கு. அதன் கீழ் துருப்பிடித்த செம்பழுப்பு அடுக்கு. அங்கே எடுக்கக் கூடாது. மண்வெட்டியால் முகத்தைச் சீவிக்கொண்டே ஒரு மீட்டர் வரை இறங்கினால் நிறம் சாம்பலுக்கோ ஆலிவுக்கோ மாறும். மண்வெட்டி ‘டங்’ என்று நிற்கும், அவ்வளவு இறுக்கம். கட்டியாகப் பெயர்த்தால் தட்டுத் தட்டாகப் பிரியும். களி, வண்டல், மணல், கூழாங்கல் எல்லாம் ஒழுங்கில்லாமல் ஒன்றாகப் பிசைந்து கிடக்கும். கல் ஒன்றை எடுத்துத் துடைத்தால் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, இணையான கீறல்கள் தெரியும். இந்த நான்கும் இருந்தால் அடித்தள டில் என்று நம்பலாம். கல்லெல்லாம் உருண்டையாகி, மணல் அடுக்கடுக்காக இருந்தால் பையை மூடிக்கொண்டு அடுத்த வெட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மண் மாதிரியில் 63 மைக்ரானுக்குக் குறைந்த நுண்பொடியை மட்டும் சலித்தெடுத்து ராஜதிராவகத்தில் கரைத்து அளப்பார்கள். இன்னொரு பெரிய பை, பத்து கிலோ அளவில், கனத் தாதுக்களைப் பிரிக்கப் போகும். அதில் தங்கத் துகள்களை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். எண்ணிக்கையைவிட வடிவம் முக்கியம். படிகத்தின் முள்ளும் கோணமும் அப்படியே இருந்தால் துகள் அதிகத் தூரம் பயணிக்கவில்லை. ஓரம் மடங்கியிருந்தால் நடுத்தரத் தூரம். உருண்டு தகடாகிவிட்டால் நெடுந்தூரம். செம்பின் முக்கிய சல்பைடு தாதுவான சால்கோபைரைட்டின் துகள் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் அது காற்றும் நீரும் பட்டால் அழிந்துவிடும். அந்த ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பிடிவாதம் பிடிப்பது இதற்காகவே. அரை மீட்டரில் எடுத்த மாதிரியில் சல்பைடு இல்லை என்று எழுதுவது, கீழே சல்பைடு இல்லை என்பதாகாது.

கண்டுபிடித்த விதம்

1937லேயே மில்லிகன் மலையின் மேற்குச் சரிவில் தங்கம் கலந்த தளர்கல் (பாறையிலிருந்து பெயர்ந்து கிடக்கும் கல்) கிடைத்ததாகப் பதிவு இருக்கிறது. பிறகு அரை நூற்றாண்டுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1984இல் ஒரு தனிநபர் தேடுநரும் பிபி ரிசோர்சஸ் கனடாவும் இந்த இடத்தில் உரிமைக் கற்கள் நட்டார்கள். 1986இல் லிங்கன் ரிசோர்சஸ் ஒப்பந்தம் போட்டு உள்ளே வந்தது. 1987இல் வைரத் துளையிடலில் செம்பும் தங்கமும் சேர்ந்த பாறை கிடைத்தது. லிங்கன் பிறகு கான்டினென்டல் கோல்டுடன் இணைந்தது. 1991இல் பிளேசர் டோம் என்ற சுரங்க நிறுவனம் மொத்தத்தையும் வாங்கியது.

துளை போட்டதும் முடிந்துவிடவில்லை என்பதைத்தான் இந்தக் கதையில் எல்லோரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். மூடிய நிலத்தில் ஒரு துளையில் தாது கிடைப்பது, இருட்டறையில் சுவர் கைக்குத் தட்டுப்படுவதற்கு மேல் ஒன்றுமில்லை. அடுத்த துளையை எந்தப் பக்கம் போடுவது என்பதற்கு வெளியே தெரியும் பாறை உதவாது. அங்கேதான் புவி இயற்பியல் அளவைகள் வேலைக்கு வந்தன.

உச்சங்கள் எங்கே விழுகின்றன

காந்த அளவை மேக்னடைட்டைக் காட்டும். டில் பெரும்பாலும் காந்தத்தை மறைப்பதில்லை. அந்த வகையில் நேர்மையான கருவி. ஆனால் எரிமலைப் பாறையிலும் மேக்னடைட் உண்டு, தாது இல்லாத தண்டிலும் உண்டு. காந்த உச்சம் ‘இங்கே ஒரு தண்டு இருக்கலாம்’ என்று சொல்லும். தண்டில் தாது இருக்கிறதா என்று சொல்லாது.

ஐ.பி. (தூண்டிய மின்முனைவாக்கம்) அளவை வேறு விதம். நிலத்தில் மின்சாரத்தைச் செலுத்தி, சட்டென நிறுத்தி, பாறைக்குள் தேங்கிய மின்னேற்றம் எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று அளப்பது. சல்பைடு துகள்கள் மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும். கருவிக்குச் சால்கோபைரைட்டுக்கும் பைரைட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. போர்ஃபிரியில் பைரைட் அதிகம் இருப்பது வெளி வளையத்தில் என்பதால், அந்த வளையம்தான் படத்தில் எரியும். நடுவில் செம்பு இருக்கும் பகுதி மிதமாகத் தெரியும், சில சமயம் வளையத்தின் பள்ளம் போலவே தெரியும். மேலே ஈரமான ஏரிக்களி இருந்தால் மின்சாரம் அதற்குள்ளேயே ஓடிவிடும். கீழே இருக்கும் பாறைக்கு அது எட்டவே எட்டாது. களி தடித்த பள்ளத்தாக்கில் ஐ.பி. அமைதியாக இருந்தால் அதை ‘இல்லை’ என்று படிக்கக் கூடாது, ‘பார்க்க முடியவில்லை’ என்றுதான் படிக்க வேண்டும்.

மில்லிகன் தரவுகள் ஒரு பெரிய நன்மையும் செய்தன. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புவி இயற்பியல் குழு, இங்கே எடுத்த காந்தம், மின்தடை, ஐ.பி., வான்வழி மின்காந்தம் ஆகியவற்றைக் கணினியில் பின்னோக்கிக் கணக்கிட்டு, நிலத்தடிப் பாறைப் பண்புகளின் உருவத்தை எடுத்து, துளைகளில் கண்ட பாறையோடு ஒப்பிட்டு, 1997இல் வெளியிட்டது. அதுவரை பெரும்பாலும் கண்ணால் பார்த்தே முடிவு செய்துகொண்டிருந்த போலிக் குறுக்குவெட்டுப் படங்களின் (அளவீடுகளை உத்தேச ஆழத்தில் அடுக்கிக் காட்டுபவை) இடத்தில், ஆழமும் வடிவமும் கொண்ட உருவங்கள் வந்தன. இந்தத் துறையில் படிப்பவர்கள் இன்றும் மில்லிகனைப் பாட உதாரணமாகப் பார்ப்பது இதனால்தான்.

2007இல் ஜியோசயின்ஸ் பிசி என்ற அமைப்பு குவெஸ்ட் திட்டத்தைத் தொடங்கியது. நோக்கமே பனிப்படிவு மூடிய குவெனெல் நிலத்துண்டுதான். ஹெலிகாப்டரில் தொங்கும் மின்காந்த வளையத்தை 4 கி.மீ. இடைவெளிக் கோடுகளில் பறக்கவிட்டார்கள். ஈர்ப்பு விசை அளவையை 2 கி.மீ. இடைவெளியில் எடுத்தார்கள். 400 மீட்டர் அகலமான எம்பிஎக்ஸ் தண்டை 4 கி.மீ. கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்படி ஒன்பது தண்டுகள் இரண்டு கோடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆகவே அந்த அளவையைப் படிவு தேடியதாகப் பார்ப்பது தவறு. எங்கே மூடி மெல்லியது, எங்கே மின்கடத்தும் களி தடித்திருக்கிறது, அடியில் எந்தப் பாறைத் தொகுதி ஓடுகிறது என்பதற்குத்தான் அது பயன்பட்டது. என் கணிப்பில் அதுவே போதுமான பலன்.

தெரிந்த படிவுகள் சிலவற்றின் மேல் நெருக்கமாகவும் பறந்தார்கள், மில்லிகனும் அதில் ஒன்று. அந்தத் தரவைத்தான் அதே பல்கலைக்கழகக் குழு 2012இல் மீண்டும் கையில் எடுத்தது. வழக்கமான முறை, ஒவ்வொரு அளவீட்டுப் புள்ளிக்கும் கீழே நிலம் அடுக்கடுக்காகக் கிடைமட்டமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தனித்தனியே கணக்கிடுவது. அப்படிச் செய்தபோது வந்த படம் தெரிந்த புவியியலோடு ஒட்டவில்லை. முப்பரிமாணத்தில் மொத்தமாகக் கணக்கிட்டபோது, மின்தடை அதிகமான தண்டும் அதைச் சுற்றி மின்கடத்தும் மாற்றமடைந்த பாறையும் தெளிவாக வந்தன. செங்குத்தான தண்டைக் கிடைமட்ட அடுக்காகப் படித்தால் கணக்கு பொய் சொல்லும் என்பதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம், அதற்கு முன் எத்தனை நிறுவனங்கள் அந்தப் பொய்யை நம்பித் துளை போட்டிருக்கும் என்பதுதான்.

பனியின் திசை

மில்லிகன் பகுதியில் பனி வடகிழக்கு நோக்கி நகர்ந்தது. பனி இழுத்து வடித்த டிரம்லின் மேடுகள் அந்தப் பக்கமே நீண்டிருக்கின்றன. எனவே டில்லில் செம்பு கண்டவர் தென்மேற்கே திரும்பிப் பார்க்க வேண்டும். இன்னொரு நுணுக்கமும் உண்டு: பனி இழுத்த நாக்கு தரையோடு ஒட்டிப் போகாமல் மெல்ல மெல்ல மேலே ஏறும். டில் தடித்த இடத்தில், படிவுக்கு நேர் மேலே மேற்பரப்பில் எடுத்த மாதிரி வெறுமையாக இருக்கலாம். பனி போன திசையில் சில நூறு மீட்டர் தள்ளித்தான் முதல் தடயம் மேலே வரும்.

திசை ஒன்றுதான் என்றால் வேலை எளிது. தெற்கே மவுண்ட் பாலி சுரங்கத்தைச் சுற்றி நிலைமை சிக்கலானது. அங்கே முதலில் பனி கரிபூ மலைகளிலிருந்து தென்மேற்காக வந்தது. பிறகு உள்நாட்டுப் பீடபூமியில் பனியின் மேடு உயர்ந்தபோது வடமேற்காகத் திரும்பியது. முதல் பனி இழுத்ததை இரண்டாவது பனி மறுபடி இழுத்தது. ஒரு நாக்குக்குப் பதில் விசிறி வடிவத்தில் செம்பும் தங்கமும் பரவிக் கிடக்கின்றன. கடைசித் திசையை மட்டும் வைத்துப் பின்னோக்கி நடந்தால் படிவுக்குப் பக்கவாட்டில் போய் நிற்போம். பாறையில் ஒன்றன் மேல் ஒன்றாக வெட்டிக்கொள்ளும் இரு கீறல் தொகுதிகள் தெரிகிறதா என்று பார்த்துத்தான் இதைப் பிரிக்க முடியும்.

கனடா புவியியல் ஆய்வு நிறுவனமும் மாகாணப் புவியியல் துறையும் ஹைலேண்ட் வேலி, ஜிப்ரால்டர், மவுண்ட் பாலி, வுட்ஜாம் ஆகிய இடங்களைச் சுற்றி டில் மாதிரிகளை எடுத்து, சால்கோபைரைட், தங்கம், எபிடோட் போன்ற கனிமத் துகள்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்த்தன. எனக்கு இதில் பிடித்தது எபிடோட். அது எளிதில் அழியாது, பச்சை வளையம் முழுக்க ஏராளம், ஆகவே படிவைவிடப் பெரிய இலக்கு. ஆனால் சாதாரண எரிமலைப் பாறையிலும் எபிடோட் உண்டு. எண்ணிக்கை போதாது, அதன் வேதியியலைப் பார்க்க வேண்டும்.

சரளை மூடிய இடத்தில் டில் முறை நின்றுவிடும். செரெங்கெட்டி ரிசோர்சஸ் 2006இல் துளையில் கண்ட குவானிகா படிவின் மைய மண்டலம் பனியாற்றுச் சரளைக்கு அடியில் இருக்கிறது. அங்கே மேல் மண்ணில் மென்கரைசல்களைப் பயன்படுத்தி, கீழிருந்து மெல்ல ஏறிவரும் அயனிகளைப் பிடிக்கும் முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மரத்தின் கிளையையும் பட்டையையும் எரித்தோ கரைத்தோ அளப்பதும் இந்தப் பகுதியில் பலமுறை சோதிக்கப்பட்டிருக்கிறது. இவற்றின் மேல் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. படிவு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பின் அதன் குறுக்கே மாதிரி எடுத்தால், முப்பது தனிமங்களில் ஏதோ ஒன்றாவது அங்கே உயர்ந்து காட்டும். தெரியாத இடத்தில் அந்தத் தனிமத்தை மட்டும் வைத்துத் துளை போடத் துணிவு வேண்டும்.

மூடி பழிவாங்கிய இடம்

மவுண்ட் பாலி பெயர் வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். 2014 ஆகஸ்ட் 4ஆம் தேதி அங்கே கழிவுத் தேக்க அணை உடைந்து, சுமார் 2.5 கோடி கன மீட்டர் நீரும் கழிவுச் சேறும் ஹேசல்டைன் ஓடை வழியாகக் குவெனெல் ஏரிக்குப் போயின. மாகாண அரசு அமைத்த வல்லுநர் குழு 2015 ஜனவரியில் சொன்ன காரணம்: அணையின் அடித்தளத்துக்குக் கீழே பனி ஏரியில் படிந்த வலுவற்ற களியடுக்கு ஒன்று இருந்தது, வடிவமைப்பில் அது கணக்கில் வரவில்லை. தேடும்போது ‘சுமை’ என்று துளைத்துத் தள்ளப்பட்ட அதே மூடிப் பொருள்தான். துரப்பணக் குறிப்பேடுகளில் முதல் 30 மீட்டருக்கு ‘ஓவர்பர்டன்’ என்று ஒரே வரி எழுதிவிடும் பழக்கம் தேடுதலோடு நிற்பதில்லை.

சுரங்கமாக

மில்லிகனை வாங்கிய பிளேசர் டோம் 1990களில் அதை வெட்டவில்லை. தரம் குறைவு, விலையும் குறைவு. 2006இல் பேரிக் அந்நிறுவனத்தை வாங்கி, கனடாச் சொத்துகளைக் கோல்டுகார்ப்புக்குக் கொடுக்க, அதிலிருந்து இந்தத் திட்டம் டெரேன் மெட்டல்ஸ் கைக்கு வந்தது. 2010இல் தாம்சன் கிரீக் மெட்டல்ஸ் அதை வாங்கியது. நகாஸ்ட்லி, மெக்லவுட் லேக் பழங்குடியினரின் பாரம்பரிய நிலத்தில் அமைந்த இந்தச் சுரங்கத்தில் 2013இல் உற்பத்தி தொடங்கியது. வணிக உற்பத்தி 2014 பிப்ரவரியில். ஆலை ஒரு நாளைக்கு 60,000 டன் தாதுவை அரைக்கும்படி அமைக்கப்பட்டது. 2016இல் சென்டெரா கோல்டு உரிமையாளரானது. கண்டுபிடித்ததிலிருந்து முதல் உற்பத்திக்கு 26 ஆண்டுகள். செம்பு மட்டும் இருந்திருந்தால் இன்னும் தாமதமாகியிருக்கும். டன்னுக்கு இரண்டு கிலோ செம்பை நம்பி யாரும் அவ்வளவு பணம் போடமாட்டார்கள். கூடவே வந்த தங்கம்தான் கணக்கைச் சரி செய்தது.

இன்னும் தேட வேண்டிய நிலம் தெற்கே நெசாகோ பீடபூமியில் கிடக்கிறது. அங்கே பழைய பாறையின் மேல் பல இடங்களில் இளைய எரிமலை பசால்ட் படர்ந்திருக்கிறது, அதற்கும் மேல் டில். பனி அங்கே சுரண்டியது பசால்ட்டைத்தான். டில்லை எவ்வளவு கவனமாகச் சலித்தாலும் அடியில் இருக்கும் செம்பின் ஒரு துகளும் வராது, ஏனென்றால் பனி அதைத் தொடவே இல்லை. பசால்ட்டின் காந்தம் வேறு மேலேயிருந்து கத்திக்கொண்டிருக்கும். அந்த நிலத்தில் மிஞ்சுவது ஈர்ப்பு விசை, ஆழம் பார்க்கும் மின்காந்தம், பசால்ட் அரித்துப்போய் ஜன்னல் திறந்திருக்கும் பள்ளத்தாக்குகள். அந்த ஜன்னல்களிலிருந்து பனி போன திசையில் எடுத்த டில்லுக்கு மட்டும் மதிப்பு உண்டு.